நீராவிக் குழாய்க்குச் சட்டை போட என்ன தயக்கம்?

ஜனவரி மாதத்தில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் நடந்து போகிறவர்கள் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். வெளியே தண்ணீர் உறையும் குளிர். தெருவோரத்தில் பனியை ஒதுக்கிக் குவித்திருக்கிறார்கள். ஆனால் 1920களில் கட்டிய ஏதோ ஒரு செங்கல் வீட்டில் முன்பக்க ஜன்னல் பாதி திறந்திருக்கும். உள்ளே இருப்பவருக்கு வியர்க்கிறது, அதனால் திறந்து வைத்திருக்கிறார். அதே வீட்டின் மேல்மாடியில், பின்பக்க அறையில் குடியிருப்பவரோ ஸ்வெட்டர், அதன்மேல் கோட்டு, காலில் இரண்டு ஜோடி காலுறை என்று உட்கார்ந்திருப்பார். இரண்டு பேருக்கும் ஒரே பாய்லர்தான். எரிகிற எண்ணெயும் ஒன்றுதான்.

இந்தக் கூத்துக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் மிக மலிவாகச் சரி செய்யக்கூடிய காரணம் எது தெரியுமா? அந்த வீட்டின் நிலவறையில், தலைக்கு மேலே ஓடும் நீராவிக் குழாய்க்கு உறை கிடையாது. வெறும் இரும்பு. அவ்வளவுதான். இதைச் சரி செய்யப் பொறியியல் மேதை யாரும் வர வேண்டாம். இருந்தும் வருஷக்கணக்காக யாரும் செய்வதில்லை. ஏன் செய்வதில்லை என்பதுதான் இங்கே கேள்வி. அதற்கான பதில் இயந்திரவியல் புத்தகத்தில் இல்லை, கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

குளிர்தேசத்துப் பழைய வீடுகளைப் பார்க்காதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். நிலவறையில் பாய்லர் இருக்கும். எண்ணெயோ எரிவாயுவோ எரிந்து அதில் தண்ணீர் கொதிக்கும். ஆவி தானாகவே குழாய் வழியே கிளம்பி, ஒவ்வோர் அறையிலும் நிற்கும் வார்ப்பிரும்பு ரேடியேட்டருக்குப் போகும். பம்ப் கிடையாது, விசிறி கிடையாது. ரேடியேட்டரில் ஆவி குளிர்ந்து தண்ணீராகும். அப்படித் தண்ணீராகும்போதுதான் வெப்பத்தை விடும். இது முக்கியம். ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் சூடாக்க 1 பிடியூ வெப்பம் போதும். ஒரு பவுண்டு ஆவி தண்ணீராக மாறும்போது விடுகிற வெப்பமோ சுமார் 970 பிடியூ! அந்தத் தண்ணீர் பிறகு சரிவில் வழிந்து பாய்லருக்கே திரும்பிவிடும். பல வீடுகளில் போகவும் வரவும் ஒரே குழாய்தான். மேலே ஆவி போகும், அடியில் தண்ணீர் வரும். மின்சார மோட்டார் எதையும் நம்பாமல் நூறு வருஷத்துக்கு முன்னால் யோசித்துச் செய்த அமைப்பு இது. செய்தவர்கள் முட்டாள்கள் அல்ல. அவர்கள் குழாய்க்கு உறை போட்டுத்தான் விட்டுப் போனார்கள்.

ஆக, ஆவி எங்கே தண்ணீராகிறதோ அங்கேதான் வெப்பம் இறங்கும். அறையில் ஆனால் அறை சூடாகும். போகும் வழியிலேயே ஆகிவிட்டால் நிலவறையும் அங்கே கிடக்கிற பழைய சைக்கிளும் அட்டைப்பெட்டிகளும் சூடாகும்.

எவ்வளவு வீணாகிறது என்று ஒரு கணக்குப் போடலாம். இரண்டு அங்குல இரும்புக் குழாய்க்குள் ஆவி ஓடும்போது, உறை இல்லாவிட்டால், ஓர் அடி நீளத்துக்கு மணிக்கு 200 பிடியூவுக்கு மேல் வெப்பம் வெளியேறும். அதே குழாய்க்கு ஓர் அங்குலக் கனத்தில் ஃபைபர்கிளாஸ் உறை போட்டால் இழப்பு சுமார் 30 பிடியூவுக்கு இறங்கிவிடும். ஒரு சிறிய வீட்டின் நிலவறையில் 60 அடிக் குழாய் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உறையில்லாமல் மணிக்கு 12,000 பிடியூ போகிறது. 12,000 பிடியூ என்பது ஏ.சி. வாங்கியவர்களுக்குப் பழக்கமான எண்தான். ஒரு டன் ஏ.சி. ஓர் அறையிலிருந்து ஒரு மணி நேரத்தில் எடுத்து வெளியே தள்ளுகிற வெப்பம் அது. அத்தனை வெப்பமும் யாரும் உட்காராத, யாரும் படுக்காத ஓர் இருட்டறைக்குப் போகிறது.

உறை போட்டால் அடிக்கு 170 பிடியூ மிச்சம். 60 அடிக்கு 10,200. குளிர்காலத்தில் 180 நாட்கள், நாளுக்கு 6 மணி நேரம் குழாய் சூடாக இருக்கிறது என்றால் 1,080 மணி நேரம். பெருக்கினால் சுமார் 1 கோடியே 10 லட்சம் பிடியூ. ஒரு காலன் எண்ணெயில் சுமார் 1,38,500 பிடியூ இருக்கிறது, அதில் எண்பது சதவீதத்தைத்தான் பாய்லர் ஆவியாக்கித் தரும் என்று எடுத்துக்கொண்டால், வருஷத்துக்கு ஏறக்குறைய 100 காலன். சரி, நிலவறைக்குப் போன வெப்பம் முழுக்க வீண் இல்லை, கொஞ்சம் மேலே தரை வழியாக ஏறும் என்று தள்ளுபடி கொடுப்போம். தாராளமாகப் பாதியைத் தள்ளிவிடுவோம். அப்போதும் 50 காலன். காலன் 3 டாலர் என்று வைத்தாலும் 150 டாலர். 60 அடிக்கு உறை, வளைவுகளுக்கான மூடிகள், ஒட்டுநாடா எல்லாம் சேர்த்தால் சில நூறு டாலர்தான் ஆகும். நாலைந்து குளிர்காலத்தில் போட்ட பணம் வந்துவிடும். அதற்குப் பிறகு உறை இருக்கும்வரை லாபம்தான். வேறு எந்த முதலீடு இப்படி நிச்சயமாகத் திருப்பித் தருகிறது? இப்படி ஒரு பங்கு சந்தைக்கு வந்தால் முதல் நாளே அடிதடியாக இருக்கும்.

ஆனால் பணம் இந்தக் கதையில் பாதிதான். மறுபாதி அந்த மேல்மாடிப் பின்பக்க அறை.

மணிக்கு 12,000 பிடியூ என்றால், 12 பவுண்டுக்கு மேல் ஆவி ரேடியேட்டரைப் பார்க்காமலேயே குழாய்க்குள் தண்ணீராகிறது என்று அர்த்தம். லிட்டரில் சொன்னால் மணிக்கு ஐந்தரை. அவ்வளவு தண்ணீரும் எதிரே ஆவி வந்துகொண்டிருக்கும் அதே குழாயில் வழிந்து வர வேண்டும். பழைய வீட்டுக் குழாயின் சரிவு நூறு வருஷத்தில் அங்கங்கே கெட்டுப்போயிருக்கும். தொங்கிய இடங்களில் தண்ணீர் தேங்கும். வேகமாக வரும் ஆவி அந்தத் தண்ணீரைத் திரட்டிக்கொண்டு போய் அடுத்த வளைவில் மோதும். இரவு மூன்று மணிக்கு யாரோ சம்மட்டியால் குழாயை அடிக்கிற மாதிரி 'டங், டங்' என்று கேட்பது இதனால்தான். நீராவி வைத்த பழைய வீடு என்றாலே இந்தச் சத்தம் கூடப் பிறந்தது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது வியாதியின் சத்தம். சரிவைச் சரி செய்வதுதான் முதல் வைத்தியம், உண்மை. ஆனால் தேவையில்லாத ஐந்தரை லிட்டரை உற்பத்தி செய்துகொண்டே இருந்துவிட்டு, சத்தம் போடுகிறதே என்று குழாயைத் திட்டுவது என்ன நியாயம்?

அடுத்தது தெர்மோஸ்டாட். இரண்டு மூன்று குடும்பம் இருக்கும் வீடுகளில் பெரும்பாலும் வீட்டுக்காரர் கீழ்த்தளத்தில் இருப்பார், தெர்மோஸ்டாட்டும் அங்கேயே இருக்கும். கீழ்த்தளம்தான் பாய்லருக்குப் பக்கம். அதோடு நிலவறை அடுப்பு மாதிரி தகிப்பதால் அதன் தரையும் சூடாகிறது. தெர்மோஸ்டாட் சீக்கிரமே திருப்தியடைந்து பாய்லரை அணைத்துவிடும். அந்த நேரத்தில் ஆவி மேல்மாடிப் பின்னறை ரேடியேட்டரின் முதல் இரண்டு மடிப்பைத் தொட்டிருக்கும், அவ்வளவுதான். குழாய் ஆறிப்போகும். அடுத்த முறை பாய்லர் எரியும்போது முதலில் அந்த ஆறிய இரும்பு முழுவதையும் மறுபடி சூடாக்க வேண்டும். உறை இருந்திருந்தால் அது இன்னும் வெதுவெதுப்பாகவே இருந்திருக்கும். இப்படியே இரவு முழுக்க நடக்கும். கடைசி அறைக்குக் கடைசி வரை ஆவி போய்ச் சேராது. மேல்மாடிக்காரர் கீழே வந்து முறையிட்டால், "தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள், 70 டிகிரி காட்டுகிறதே" என்று பதில் வரும். காட்டுகிறதுதான், பொய் இல்லை. யார் வீட்டில் காட்டுகிறது என்பதுதான் கேள்வி.

சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. நியூயார்க் நகரத்தில் அக்டோபர் 1 முதல் மே 31 வரை வீட்டுக்காரர் வெப்பம் கொடுத்தாக வேண்டும். காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை, வெளியே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் (சுமார் 13 டிகிரி செல்சியஸ்) கீழே போனால், உள்ளே குறைந்தது 68 டிகிரி (20 செல்சியஸ்) இருக்க வேண்டும். இரவில் வெளியே எப்படி இருந்தாலும் உள்ளே 62 டிகிரி. சட்டம் பேசுவது ரேடியேட்டர் இருக்கும் அறையின் சூட்டைப் பற்றி. அந்தச் சூடு வரும் வழியைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை. வீட்டுக்காரர் என்ன செய்வார்? புகார் வந்தால் பாய்லரை இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டுவார். பின்னறை 68ஐத் தொடும்போது முன்னறை 80ஐத் தாண்டியிருக்கும். முன்னறைக்காரர் ஜன்னலைத் திறப்பார். முதல் பத்தியில் பார்த்த காட்சி இப்படித்தான் பிறக்கிறது.

பின்னறையில் நடப்பது அவ்வளவு வேடிக்கை இல்லை. குளிர் தாங்காதவர்கள் மின்சார ஹீட்டர் வாங்குவார்கள். அடுப்பைப் பற்றவைத்து அடுக்களையில் உட்காருகிறவர்களும் உண்டு. 2022 ஜனவரி 9ஆம் தேதி பிராங்க்ஸில் ஓர் அடுக்குமாடியில் பிடித்த தீயில் 17 பேர் இறந்தார்கள், அவர்களில் 8 பேர் குழந்தைகள். ஒரு வீட்டில் வைத்திருந்த மின்சார ஹீட்டரிலிருந்து தீ தொடங்கியது. தானாக மூடிக்கொள்ள வேண்டிய கதவுகள் மூடாததால் புகை மாடி மாடியாகப் பரவியது. அந்தக் கட்டடத்துக் குழாய்களின் மேல் யாரும் பழி போடவில்லை, இங்கேயும் போடவில்லை. ஆனால் ஒரு குளிர்ந்த அறையில் மனிதர்கள் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள், எதையாவது பற்றவைப்பார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். "கொஞ்சம் குளிர்தானே, பொறுத்துக்கொள்ளக் கூடாதா" என்று சொல்லுகிறவர்கள் சூடான தளத்தில் இருந்துகொண்டுதான் சொல்லுகிறார்கள்.

இந்த உறை எங்கே போனது? யாராவது திருடிக்கொண்டு போனார்களா? இல்லை, பணம் கொடுத்துக் கழற்றினார்கள்.

அந்தக் காலத்து உறை ஆஸ்பெஸ்டாஸ். நெளி அட்டை மாதிரி அடுக்கடுக்காக இருக்கும், மேலே வெள்ளைத் துணி சுற்றியிருக்கும். வெப்பத்தை அருமையாகத் தடுத்தது. கூடவே அதைச் சுற்றிய தொழிலாளிகளின் நுரையீரலையும் தின்றது. 1964இல் டாக்டர் இர்விங் செலிகோஃப்பும் அவருடைய குழுவினரும் நியூயார்க், நியூஜெர்சி பகுதியில் இந்த உறைத் தொழிலில் இருந்த 632 பேரை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். நுரையீரல் புற்றுநோயால் எதிர்பார்க்கக்கூடியதைவிடப் பல மடங்கு பேர் செத்திருந்தார்கள். 1975இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, பாய்லருக்கும் குழாய்க்கும் எளிதில் பொடியும் ஆஸ்பெஸ்டாஸ் உறை புதிதாகப் போடுவதைத் தடை செய்தது. ஒரு வீட்டைச் சூடாக வைத்திருக்க எத்தனை பேர் மூச்சுவிட முடியாமல் செத்தார்கள் என்பது தனியாக எழுத வேண்டிய சோகம்.

தடைக்குப் பிறகு ஊரெல்லாம் பழைய உறையைக் கழற்றினார்கள். விஷத்தைக் கழற்றியதில் தப்பு இல்லை. கழற்றிய இடத்தில் வேறு உறை போடாமல் வந்ததுதான் தப்பு. எப்படி இப்படி நடந்தது என்று யோசித்தால் காரணம் அற்பமாக இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் அகற்றுகிறவரின் ஒப்பந்தம் அகற்றுவதோடு முடிகிறது. காற்றைச் சோதித்து, சுத்தம் என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு அவர் போய்விடுவார். புது உறை போடுவது வேறு ஆளின் வேலை, வேறு பில். அகற்றுவதற்கே பெரும் தொகை கொடுத்துக் களைத்த வீட்டுக்காரர் "அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். அந்த 'அப்புறம்' பல வீடுகளில் முப்பது வருஷம், நாற்பது வருஷம் ஆகிவிட்டது. வீடு விற்கிறவர்களின் கதை இன்னும் விசேஷம். வாங்க வருகிறவர் ஆஸ்பெஸ்டாஸைப் பார்த்தால் ஓடிவிடுவார் என்று அவசரமாகக் கழற்றுவார்கள். அப்புறம் குழாயைத் துடைத்துப் பளிச்சென்று பெயிண்ட் அடிப்பார்கள். வாங்குகிறவரும் "நிலவறை எவ்வளவு சுத்தமாக இருக்கிறது!" என்று மகிழ்ந்து கையெழுத்துப் போடுவார். முதல் குளிர்காலத்து எண்ணெய் பில் வரும்போதுதான் சுத்தத்தின் விலை தெரியும்.

இப்போது பாய்லர் விற்கிறவரிடம் வருவோம். வீடு சூடாகவில்லை என்று கூப்பிட்டால், பாய்லர் சிறிது, பெரிதாகப் போட வேண்டும் என்று சொல்லுகிறவர் எத்தனை பேர்! இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நீராவி பாய்லரின் அளவை ரேடியேட்டர்களின் மொத்தத் தேவையை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். தொழிலில் அதற்கு ஒரு கணக்கு உண்டு: ஒரு 'சதுர அடி' ரேடியேட்டர் என்றால் மணிக்கு 240 பிடியூ. ரேடியேட்டர்களைக் கூட்டி, குழாயைச் சூடாக்கவும் வழியில் போகும் இழப்புக்கும் மேற்கொண்டு மூன்றில் ஒரு பங்கு சேர்ப்பார்கள். அந்த மூன்றில் ஒரு பங்கு, குழாய்க்கு உறை இருக்கிறது என்ற அனுமானத்தில் போட்ட கணக்கு! உறையைக் கழற்றிவிட்டால் கணக்கு உதைக்கும். 12,000ஐ 240ஆல் வகுத்துப் பாருங்கள். நிலவறையில் 50 சதுர அடி ரேடியேட்டர் ஒன்றை யாருக்கும் சொல்லாமல் மாட்டி வைத்ததற்குச் சமம். அதற்கும் சேர்த்துப் பாய்லர் வேலை செய்ய வேண்டும். சரியான வைத்தியம் உறை. விற்பனைக்கு வருவதோ பெரிய பாய்லர். பல ஆயிரம் டாலருக்குப் பாய்லர் வாங்கிப் போட்டுவிட்டு, சில நூறு டாலர் உறைக்கு யோசிக்கிறவரைப் பார்த்தால் யானை வாங்கியவன் அங்குசம் வாங்கத் தயங்கிய கதைதான் ஞாபகம் வருகிறது. யானையை விற்றால் கிடைக்கும் கமிஷன் அங்குசத்தில் கிடைக்காது என்பதும் சேர்ந்துகொள்கிறது.

(இந்தப் பழைய அமைப்புகள் முதலிலேயே தாராள அளவில் கட்டப்பட்டவை. 1918 இன்ஃப்ளூயன்ஸா காலத்தில் நல்ல காற்று வேண்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்தாலும் வீடு சூடாக இருக்கும்படி பாய்லரையும் ரேடியேட்டரையும் பெரிதாக வைத்தார்கள் என்று, நீராவி வெப்பத்தைப் பற்றி 1992இல் ஒரு முழுப் புத்தகம் எழுதிய டான் ஹோலஹன் சொல்லுகிறார். ஏற்கெனவே பெரிது. அதற்கும் மேலே பெரிது!)

உறை வேண்டாம் என்பதற்கு வீட்டுக்காரர்கள் சொல்லும் சமாதானங்களில் சில கேட்க நன்றாக இருக்கும். "வெப்பம் எங்கே போகிறது, வீட்டுக்குள்தானே இருக்கிறது?" என்பது முதலாவது. இதில் கொஞ்சம் உண்மை உண்டு, அதனால்தான் மேலே பாதியைத் தள்ளுபடி செய்தது. ஆனால் பழைய நிலவறையின் சுவர் கருங்கல்லோ செங்கல்லோ, மறுபக்கம் ஈர மண். சுவருக்கும் மேல் உத்தரத்துக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. வெப்பம் அதன் வழியே வெளியே போகும். மேலே ஏறும் பங்கும், ஏற்கெனவே சூடாக இருக்கும் கீழ்த்தளத்துக்குத்தான் போகிறது. குளிரில் நடுங்குகிறவருக்குப் போவதில்லை. சம்பளத்தை வழியில் தொலைத்துவிட்டு, ஊருக்குள்தானே கிடக்கிறது என்று சொல்லுகிற சமாதானம் இது.

"உறை போட்டால் நிலவறை குளிர்ந்துவிடும், துணி காயாது" என்பது இரண்டாவது. நிலவறை சூடாக வேண்டும் என்றால் அங்கே ஒரு ரேடியேட்டர் வைத்துக்கொள்ளலாம். அதற்கு வால்வு உண்டு, வேண்டாதபோது மூடலாம். வெறும் குழாயை மூட முடியாது. வெளிச்சுவர் ஓரமாகத் தண்ணீர்க் குழாய் ஓடினால் அதற்கும் ஓர் உறை போட்டு, சுவர் இடைவெளியை அடைத்துவிட வேண்டியதுதான்.

மூன்றாவது, இன்றைய நாகரிகமான சமாதானம். "நீராவியே வழக்கொழியப் போகிறது, எல்லாம் ஹீட் பம்ப் ஆகப் போகிறது, அதற்குள் குழாய்க்கு எதற்குச் செலவு?" படித்தவர்கள் சொல்லுவதால் இதைக் கொஞ்சம் மரியாதையோடு கேட்கலாம். ஹீட் பம்ப் நல்ல விஷயம்தான், வரட்டும். ஆனால் நூறு வருஷத்து வீட்டில் நீராவியைக் கழற்றி அதைப் பொருத்துவது உறை போடுவதைப் போலப் பல மடங்கு செலவு. மின்இணைப்பை மாற்ற வேண்டும், ஒவ்வோர் அறையிலும் வேலை இருக்கும். இன்று தீர்மானம் போட்டு நாளை முடிகிற காரியம் அல்ல. அது வரும் வரையில் ஒவ்வொரு குளிர்காலமும் எண்ணெய் எரியத்தான் போகிறது. போட்ட பணத்தை நாலைந்து வருஷத்தில் திருப்பித் தருகிற ஒன்றை, பத்து வருஷத்துக்குப் பிறகு தேவைப்படாது என்பதற்காகத் தள்ளிப்போடுவது எந்த ஊர்க் கணக்கு? கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுக்கப் போகிறோம் என்று அதுவரை கந்தலோடு இருப்பதா?

உண்மையான காரணம் இந்தச் சமாதானங்கள் எதுவும் இல்லை. எண்ணெய் பில்லில் 'நிலவறைக் குழாய்' என்று தனியாக ஒரு வரி வருவதில்லை. வந்திருந்தால் மறுநாளே உறை ஏறியிருக்கும். மொத்தத் தொகைதான் வரும். அதை வீட்டுக்காரர் எண்ணெய் விலை மேல் பழி போட்டுக் கட்டிவிடுவார், அடுத்த ஒப்பந்தத்தில் வாடகையோடு சேர்த்துக்கொள்வார். பாய்லர் பில்லை வாடகைக்காரரே கட்டும் வீடுகளிலோ வீட்டுக்காரருக்கு அந்தக் கவலையும் இல்லை. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! நிலவறைச் சாவி ஒருவரிடம், பில் இன்னொருவரிடம், குளிர் மூன்றாமவரிடம். சாவி வைத்திருப்பவருக்கு மற்ற இரண்டும் உறைக்காத வரை குழாய் வெறுமையாகத்தான் இருக்கும்.

நகரத்துக்கு இது தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். நியூயார்க் 2019இல் கொண்டு வந்த 97ஆம் எண் உள்ளூர்ச் சட்டம் 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் கரி உமிழ்வுக்கு வரம்பு வைத்தது. வரம்பு 2024இல் நடைமுறைக்கு வந்தது. குறைந்த வாடகை வீடுகள் உள்ள சில வகைக் கட்டடங்களுக்கு அந்த வரம்புக்குப் பதிலாகச் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலே சட்டத்தில் இருக்கிறது. வெப்பக் குழாய்களுக்கும் வெந்நீர்க் குழாய்களுக்கும் உறை போடுவது அந்தப் பட்டியலில் ஒன்று. ஆக, இது பயனுள்ள வேலை என்று சட்டம் எழுதியவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பெரிய கட்டடத்துக்கு நல்லது சின்ன வீட்டுக்கு மட்டும் எப்படி வேண்டாததாகும்? இரண்டு குடும்பம், மூன்று குடும்பம் இருக்கிற வரிசை வீடுகள் இந்தச் சட்டத்தின் கண்ணிலேயே படுவதில்லை. பொதுவான கட்டட எரிசக்தி விதிகள் புதிதாகப் போடும் சூட்டுக் குழாய்க்கு உறை கேட்கின்றன. ஏற்கெனவே தொங்குகிற பழைய குழாயை அதன் பாட்டுக்கு விட்டுவிடுகின்றன. ஆனால் பழைய வீட்டில் ஓடுவது முழுக்கப் பழைய குழாய்தானே!

பெரிய சட்டம் ஒன்றும் தேவையில்லை. இரண்டு இடத்தில் கை வைத்தால் போதும். ஆஸ்பெஸ்டாஸ் அகற்றும் வேலை, மாற்று உறை ஏறிய பிறகுதான் முடிந்ததாகக் கணக்கு என்று ஒன்று. புது பாய்லர் பொருத்தினால், நிலவறையில் கண்ணுக்குத் தெரிகிற ஆவிக் குழாய் அனைத்துக்கும் உறை போட்ட பிறகுதான் அந்த அனுமதியை முடித்துக் கொடுப்பது என்று இன்னொன்று. வீட்டுக்காரர் ஏற்கெனவே பெரிய தொகையை எடுத்து வைத்திருக்கும் நேரம் அது. ஆளும் நிலவறைக்குள்தான் நிற்கிறார். அதோடு சேர்த்து முடித்தால் செலவு தெரியவே தெரியாது. வீட்டுக்காரர்களின் சங்கங்கள் இதற்கும் சுமை என்று கூச்சல் போடலாம். சில வருஷத்தில் பணத்தைத் திருப்பித் தரும் சுமையை யார் வேண்டுமானாலும் சுமக்கலாம்.

சட்டத்துக்குக் காத்திருக்காமல் இந்த வருஷமே செய்ய நினைக்கிறவர்கள் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். குழாயில் பழைய உறை ஏதாவது மிச்சம் இருந்தால் அதைத் தொடவே கூடாது. கிழிக்கக் கூடாது, பெருக்கக் கூடாது. உரிமம் உள்ளவரைக் கூப்பிட்டுச் சோதிக்க வேண்டும். அப்புறம், கடையில் கறுப்பாக, மெத்தென்று, மலிவாகக் கிடைக்கும் நுரை உறையை வாங்கிவிடக் கூடாது. அது தண்ணீர்க் குழாய்க்கானது. ஆவிக் குழாயின் சூடு 212 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல். அதில் நுரை உருகி ஒழுகும். வேண்டியது ஓர் அங்குலக் கனமுள்ள ஃபைபர்கிளாஸ். மூன்றடித் துண்டுகளாக, ஒரு பக்கம் பிளந்து, வெள்ளை மேலுறையோடு வரும். குழாய் ஆறியிருக்கும்போது விரித்து மாட்டி ஒட்ட வேண்டும். கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் தொட்டால் இரண்டு நாளைக்கு அரிக்கும். வாங்கப் போவதற்கு முன்னால் குழாயின் வெளிச்சுற்றை ஒரு நூலால் அளந்துகொண்டு போவது நல்லது, ஏனென்றால் 'இரண்டு அங்குலக் குழாய்' என்று பெயர் உள்ளதன் வெளி விட்டம் இரண்டே கால் அங்குலத்துக்கும் மேல் இருக்கும். பாய்லரிலிருந்து மேலே கிளம்பும் குழாயில் தொடங்கி, தூரத்து அறைக்குப் போகும் கிளை வரை போட வேண்டும். பிரதான குழாயின் கோடியில் காற்றை வெளியே விடும் சின்ன வால்வு ஒன்று இருக்கும். அதை மட்டும் மூடாமல் விட வேண்டும், மூடினால் ஆவி வரவே வராது.